நள்ளிரவில் யாரை எழுப்புவது? கொழும்பு சொக் குழு ஒன்றின் ஒத்திகைப் பயிற்சி: நிகழ்வு ஆய்வு

கொழும்பில் இயங்கும் ஒரு நிதிச் சேவை நிறுவனத்தின் இணையப் பாதுகாப்புக் கண்காணிப்பு அறை (நம் ஆட்கள் சொக் என்று சொல்வது) தன் பகுப்பாய்வாளர்களுக்கு ஒத்திகை மூலம் பயிற்சி கொடுத்தது. அதில் முதல் முயற்சி ஏன் பலன் தரவில்லை, இரண்டாவது எதனால் தந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். முதல் சுற்றில் நான் பார்வையாளர் மட்டுமே. இரண்டாம் சுற்றை வடிவமைத்து நடத்தியவர்களில் ஒருவர். நிறுவனமும் சம்பந்தப்பட்டவர்களும் சம்மதம் தந்த பிறகே எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

பின்னணி

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில் எந்த ஐ.டி. பிரிவுக்குப் போனாலும் ஒரே கதைதான். ஐந்தாறு வருட அனுபவம் உள்ளவர்கள் மெல்பேர்ன், டொரொன்டோ, துபாய் என்று போய்விட்டார்கள். இந்த நிறுவனத்திலும் அதுதான் நடந்தது. சொக் அறையின் மூத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலக, பட்டம் முடித்து ஓரிரு வருடமே ஆன பிள்ளைகள் இரவு ஷிப்ட்டில் தனித்து விடப்பட்டார்கள். வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண், கொட்டாஞ்சேனை இளைஞர், தெஹிவளையிலிருந்து வரும் ஷிப்ட் பொறுப்பாளர், கம்பஹாவிலிருந்தும் களுத்துறையிலிருந்தும் ரயிலில் வரும் சிங்களப் பிள்ளைகள் என்று கலவையான குழு. கெட்டிக்காரர்கள். சான்றிதழ்களுக்கும் குறைவில்லை. அவர்களுக்குக் கிடைக்காதது, பக்கத்தில் இருந்து "இதைப் பார், இது சரியில்லை" என்று சொல்லக்கூடிய ஒரு மூத்தவர்.

பயிற்சி தேவை என்று நிர்வாகம் விழித்துக்கொண்டது ஒரு சிறு சம்பவத்தால். வெளி ஒப்பந்தக்காரர் ஒருவரின் வி.பி.என். கணக்கில் (வெளியிலிருந்து நிறுவன வலையமைப்புக்குள் வரப் பயன்படுவது), வழக்கமில்லாத இடத்திலிருந்து யாரோ உள்நுழைந்ததாக ஓர் அலேர்ட் வந்தது. இரவு ஷிப்ட் அதைத் தொடாமலே விட்டுப் போக, காலை ஷிப்ட்டில் வந்தவர் டிக்கெட்டை (அந்த அலேர்ட்டுக்கான வேலைப் பதிவை) திறந்தார். லொக்கில் (கருவி எழுதும் பதிவேட்டில்) நேரம் 20:43 என்று இருந்தது. முந்திய இரவு எட்டே முக்கால். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஒன்பது மணிவரை வேலை செய்வது வழக்கம்தானே என்று "இயல்பானது" எனக் குறித்து மூடிவிட்டார்.

அந்த வி.பி.என். கருவி லொக் எழுதியது யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். ஆகவே அந்த உள்நுழைவு நடந்தது இரவு எட்டே முக்காலுக்கு அல்ல, அதிகாலை 2:13க்கு. அந்த நேரத்தில் கணக்குக்கு உரியவர் நுவரெலியாவில் ஒரு கல்யாண வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் தேநீர் நேரத்தில் அவர் தற்செயலாகக் கல்யாணக் கதை சொல்லப் போய்த்தான் விடயம் வெளியே வந்தது. கடவுச்சொல் களவு போயிருந்தது. அந்தக் கணக்குக்குச் சோதனைச் சேர்வர் ஒன்றைத் தவிர வேறெதையும் தொட அனுமதி இல்லாததால் சேதம் எதுவும் இல்லை.

முதல் சுற்று

நிறுவனம் வெளியிலிருந்து ஒரு சைபர் ரேஞ்ச் சேவையை வாங்கியது. கிளவுட்டில் கட்டிய ஒரு போலி நிறுவன வலையமைப்பு. அதற்குள் ரான்சம்வேர் தாக்குதல் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பது) ஒன்று ஓடும். பங்குபற்றுவோர் தடயங்களைக் கண்டுபிடித்துப் பதில் எழுத எழுதப் புள்ளிகள் ஏறும். யார் முன்னணியில் என்பது சுவரில் உள்ள பெரிய திரையில் தெரியும். பகல் நேரத்தில், முழுக் குழுவும் ஒரே அறையில், மதியத்துக்கு பிரியாணியோடு நடந்தது.

பிள்ளைகள் பிரமாதமாகச் செய்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. அடுத்தடுத்துத் தோற்ற உள்நுழைவுகளைக் காட்டும் விண்டோஸ் நிகழ்வு எண் 4625, அதன் பின்னாலேயே ஆர்.டி.பி. என்ற தொலைத்திரை இணைப்பு வழியாக வெற்றி பெற்ற ஒரு 4624, பிறகு புதிய சேர்விஸ் நிறுவப்பட்டதற்கான 7045, கடைசியில் விண்டோஸின் நிழல் பிரதிகளை (கோப்புகளை மீட்க அது எடுத்து வைக்கும் பிரதிகளை) அழிக்கும் வி.எஸ்.எஸ்.அட்மின் கட்டளை. இந்தச் சங்கிலியை எல்லோருமே பிடித்தார்கள். தாக்குதல் முறைகளை வகைப்படுத்தும் மைட்டர் அட்டாக் அட்டவணையில் எது எந்த இடம் என்றும் சரியாகச் சொன்னார்கள். பயிற்சி வெற்றி என்று அறிக்கை போனது.

அடுத்து வந்த வாரங்களில் உண்மையான டிக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தபோது எதுவும் மாறியிருக்கவில்லை. அதே அவசரம், அதே "இயல்பானது" என்ற குறிப்பு, அதே மாதிரி காலை ஷிப்ட்டுக்குத் தள்ளிவிடப்பட்ட வரிசை. மேலே அறிவிக்கப்பட்டவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அப்போதுதான் அதுவரை பார்வையாளராக இருந்த என்னை உதவிக்குக் கூப்பிட்டார்கள்.

கவனித்தவை

நான் முதலில் செய்தது இரவு ஷிப்ட்டில் அவர்களுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்ததுதான். இதைவிட நல்ல தொடக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ரேஞ்சில் வருவதெல்லாம் தாக்குதல். "எங்கே இருக்கிறது" என்று தேடினால் போதும். "இருக்கிறதா" என்ற கேள்வியே எழாது. உண்மையான இரவிலோ கன்சோலில் ஓடுவதில் மிகப் பெரும்பகுதி வெறும் இரைச்சல்: கடவுச்சொல்லை மறந்தவர், பேக்கப் நிரல், பாதிப்புகளைத் தேடும் ஸ்கேனர், பிரிண்டர். ஹார்வர்டைச் சேர்ந்த ஜெரமி வுல்ஃப் குழுவினர் 2005இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்துகிறது. படங்களில் ஒரு பொருளைத் தேடச் சொன்னார்கள். அந்தப் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது தேடியவர்கள் தவறவிட்டது சுமார் 7 சதவீதம். நூறில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது சுமார் 30 சதவீதம். கண்ணும் அறிவும் அதேதான். அரிதாக வரும் ஒன்றை மனம் எதிர்பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. விமான நிலையத்தில் பைகளை ஸ்கேன் செய்பவர்களை மனதில் வைத்து அந்த ஆய்வு பேசினாலும், சொக் அறைக்கு அப்படியே பொருந்தும். ரேஞ்சில் முழு நாளும் தாக்குதலையே பார்த்துப் பழகியவருக்கு, ஒன்றுமே நடக்காத நாற்பது இரவுகளுக்குப் பிறகு வரும் ஒன்றைப் பிடிக்கும் பழக்கம் எப்படி வரும்?

இன்னொன்றும் தெரிந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் அதிகாலை இரண்டரை மணியளவில் அந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஓர் அலேர்ட்டைச் சரியாகவே சந்தேகித்தார். சுவரில் ஒட்டியிருந்த அவசரத் தொடர்புப் பட்டியலைப் பார்த்தார். கைத்தொலைபேசியை எடுத்தார், முகாமையாளரின் எண்ணைத் திறந்தார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, மிகப் பணிவான ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதத் தொடங்கினார். வரியை எழுதுவதும் அழிப்பதுமாக இருபது நிமிடம் போனது. ஏன் கோல் எடுக்கவில்லை என்று கேட்டேன். "ஒண்டும் இல்லாம இருந்தா? சேர் நித்திரையில இருந்து எழும்பி வந்து கேட்டா நான் என்ன சொல்றது அண்ணா?"

அந்த அலேர்ட் ஆபத்தில்லாதது என்று காலையில் தெரிந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அந்த நிறுவனத்தில் யாரிடமும் பதில் இல்லை. அலேர்ட்டுகளைப் படிக்க அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்கள், நிச்சயமில்லாத ஒரு விடயத்துக்காக நிச்சயமாக ஒருவரை எழுப்புவதற்குப் பயிற்சி கொடுக்கவே இல்லை. பயம் அவருடைய குணக்குறை என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. படிநிலைக்கு மரியாதை கொடுத்து வளர்ந்த பிள்ளை, அதிலும் நிறுவனத்தில் ஆகக் குறைந்த சம்பளம் வாங்குபவர், ஆக உயரத்தில் இருப்பவரின் தூக்கத்தைக் கலைக்க வேண்டும். அதற்கும் பயிற்சி வேண்டாமா?

மொழியும் சேர்ந்துகொள்கிறது. டிக்கெட் ஆங்கிலத்தில், அந்த வாரத்து முகாமையாளரோடு பேச்சு சிங்களத்தில், யோசிப்பது தமிழில். பகலில் இது யாருக்கும் சிரமமில்லை. இரவு இரண்டு மணிக்குப் பதற்றத்தில் சொல் வராது.

எடுத்த தீர்மானங்கள்

இரண்டாம் சுற்றைப் பகல் அறையில் இருந்து எடுத்து, நிஜ ஷிப்ட்டுக்குள்ளேயே வைப்பது என்று தீர்மானித்தோம். நிறுவனத்தின் உண்மையான சேர்வர்களைத் தொடுவதில்லை. தனியாகப் பிரித்து வைத்த ஆய்வு வலையமைப்பில் சில மெய்நிகர் கணினிகளை உருவாக்கி, அவற்றின் லொக்குகளை மட்டும் அதே கன்சோலுக்கு அனுப்பினோம். தாக்குதல் அசைவுகளை அட்டொமிக் ரெட் டீம், மைட்டரின் கல்டேரா போன்ற இலவசக் கருவிகளால் ஓட்டினோம். காசு பெரிதாகச் செலவாகவில்லை; நேரம்தான் செலவானது. ரேஞ்ச் வாங்க வசதியில்லாத சிறு நிறுவனங்கள் வாசூ, செக்கியூரிட்டி அனியன் போன்ற இலவசக் கண்காணிப்புத் தளங்களை வைத்தே இதைச் செய்யலாம்.

பழைய லொக்குகளையும் பயிற்சிப் பொருளாக எடுத்தோம். அதில் வாடிக்கையாளர் பெயர்களும் கணக்கு விவரங்களும் இருந்ததால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து அவற்றை மறைத்த பிறகே பயன்படுத்தினோம். சட்டத்துக்காக மட்டுமல்ல. பயிற்சிக்கு என்று சொல்லி மற்றவர்களின் தரவைத் திறந்து போடும் குழு, பாதுகாப்புப் பற்றிப் பேசவே தகுதியில்லாதது.

இரண்டு கிழமைக்குள் ஏதாவது ஒரு ஷிப்ட்டில் ஒத்திகை வரலாம், வராமலும் போகலாம் என்று மட்டும் குழுவுக்குச் சொன்னோம். சில ஷிப்ட்டுகளில் வேண்டுமென்றே எதையும் ஓட்டவில்லை. புள்ளிப்பலகை கிடையாது. ஒத்திகை நடக்கும்போது உண்மையான தாக்குதல் வந்துவிட்டால் உடனே நிறுத்துவதற்கு ஒரு குறிச்சொல்லும், முழு விவரமும் தெரிந்த ஒருவர் எப்போதும் தொலைபேசியில் இருக்க வேண்டும் என்ற விதியும் வைத்தோம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தொலைபேசி அழைப்பும் ஒத்திகையின் பகுதி என்று முடிவெடுத்தது. முகாமையாளரை உண்மையிலேயே எழுப்புவோம். இதற்கு மேலிடத்தில் கொஞ்சம் முகச்சுளிப்பு இருந்தது. "பிள்ளைகளுக்குத்தானே பயிற்சி, எங்களை ஏன் எழுப்ப வேண்டும்?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியையே காரணமாகக் காட்டித்தான் சம்மதம் வாங்கினோம்.

இரவு ஒத்திகைக்கு முன் முகாமையாளர்களோடு மட்டும் மேசையில் உட்கார்ந்து பேசும் ஒத்திகை ஒன்றையும் நடத்தினோம். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2006இல் வெளியிட்ட 800-84 வழிகாட்டி இந்த இரண்டு வகையையும் பிரித்துச் சொல்கிறது: கூடிப் பேசிப் பார்ப்பது ஒன்று, நிஜச் சூழலில் செய்து பார்ப்பது மற்றொன்று. பேசும் ஒத்திகையில் நாங்கள் போட்ட கேள்விகள் இங்கே நடந்தவற்றில் இருந்து எடுத்தவை. 2023 ஓகஸ்டில் அரசின் கணினிச் சேவைத் தளமான லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் ரான்சம்வேரில் சிக்கியபோது மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்களுக்கு பேக்கப் இருக்கவில்லை. "உங்கள் பேக்கப் எந்த நாள் வரை இருக்கிறது, அதை யார் கடைசியாகத் திறந்து பார்த்தது?" என்று கேட்டோம். அறை கொஞ்ச நேரம் அமைதியானது. அந்த மேசையில்தான் ஒரு பெரிய முடிவும் பிறந்தது: ஊழியர்களின் லெப்டொப் எதையும் ஷிப்ட்டில் இருப்பவர் யாரையும் கேட்காமலே வலையமைப்பில் இருந்து துண்டிக்கலாம், சேர்வர்களைத் துண்டிக்க மட்டும் முகாமையாளரின் அனுமதி வேண்டும்.

ஒத்திகைக்குப் போயா (பௌர்ணமி விடுமுறை) இரவைத் தேர்ந்தெடுத்தோம். விடுமுறையைப் பார்த்து அடிப்பது தாக்குபவர்களின் பழைய வழக்கம். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தைக் களவெடுத்தவர்கள் வியாழன் இரவைத் தேர்ந்தார்கள். அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை, திங்கட்கிழமை பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டொலர், பெறுநரின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் மாட்டிக்கொண்டது. இங்கே போயா நாளில் சிங்களப் பிள்ளைகள் ஊருக்குப் போக, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஷிப்ட்டைப் பொறுப்பெடுப்பார்கள். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் மறுபக்கம். நல்ல ஒழுங்குதான். ஆனால் ஆள் குறைவான இரவு அது.

ஒத்திகை இரவு

அன்று அறையில் மூன்று பேர்: தெஹிவளைப் பொறுப்பாளர், கொட்டாஞ்சேனை இளைஞர், யாழ்ப்பாணத்துப் பெண்.

23:50க்கு மனிதவளப் பிரிவின் (எச்.ஆர்.) லெப்டொப் போல அமைத்த கணினியில், வேர்ட் ஆவணம் ஒன்றில் இருந்து பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவி கிளம்பியது. கணினியில் நடப்பதைப் பதிவு செய்யும் சிஸ்மொனில் இது வழக்கமான 1ஆம் இலக்க நிகழ்வாகப் பதிவானது. அதேபோன்ற வரிகளை அந்த நிறுவனத்தின் கணக்கியல் மென்பொருளும் நாள் முழுக்க எழுதுவதால் யாரும் பார்க்கவில்லை.

00:35க்கு ஆர்.சி.4 என்ற பழைய குறியாக்கத்தில் நுழைவுச் சீட்டுக் கேட்கும் 4769 நிகழ்வுகள் சரசரவென்று வந்தன. அந்தச் சீட்டுகளை வெளியே எடுத்துப் போய், சேர்விஸ் கணக்குகளின் (நிரல்கள் பயன்படுத்தும் கணக்குகளின்) கடவுச்சொற்களை உடைக்கப் பார்க்கும் முறை அது. கொட்டாஞ்சேனை இளைஞர் பிடித்துவிட்டார். "இது ஸ்கேனர்தான், போயா இரவில ஓடும்" என்றார் பொறுப்பாளர். உண்மைதான், அந்த நேரத்தில் ஸ்கேனரும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நிகழ்வுகள் வந்த ஐ.பி. முகவரி ஸ்கேனருடையது அல்ல. ஒரு நெடுவரிசையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் தெரிந்திருக்கும். யாரும் நகர்த்தவில்லை.

01:20க்கு அந்தப் பெண் கேட்டார்: "அண்ணா, பேக்கப் சேர்விஸ் அக்கவுண்ட் ஏன் எச்.ஆர். லெப்டொப்பில இருந்து ஃபைல் சேர்வருக்கு வருது?"

அந்த இரவின் மிகச் சரியான கேள்வி அது. பேக்கப் கணக்கு பேக்கப் சேர்வரில் இருந்துதான் வர வேண்டும். இந்த இடத்தில் லெப்டொப்பைத் துண்டித்திருந்தால் ஒத்திகை அங்கேயே முடிந்திருக்கும். அனுமதியும் அவர்கள் கையில் இருந்தது. ஆனால் அடுத்த அரை மணி நேரம் மூவரும் ஆதாரம் சேர்த்தார்கள். திரையில் ஜன்னல் மேல் ஜன்னல் திறந்தது. "இன்னும் கொஞ்சம் பாத்திட்டுச் சொல்லுவம்" என்று பொறுப்பாளர் சொல்லிக்கொண்டிருந்தார்.

01:52க்கு ஃபைல் சேர்வரில் நிழல் பிரதிகளை அழிக்கும் கட்டளை ஓடியது. அந்தப் பெண் யாரையும் பார்க்காமல் தொலைபேசியை எடுத்தார்.

"சேர், ஒத்திகை, ஒத்திகை. இந்த நேரத்தில எழுப்பினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஃபைல் சேர்வரில ஷேடோ கொப்பி அழிபடுது."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயம் எண்டு சொல்லேலாது சேர். ஆனா பேக்கப் அக்கவுண்ட் எச்.ஆர். லெப்டொப்பில இருந்து வந்திருக்கு. அது வரவே கூடாது."

"சரி, ஸ்கிரீன்ஷொட் எடுத்து மெயில் பண்ணுங்கோ, பாத்திட்டுச் சொல்றன்."

அவர்கள் ஸ்கிரீன்ஷொட் எடுத்தார்கள். ஒழுங்காகப் பெயரிட்டு, அம்புக்குறி போட்டு அனுப்பினார்கள். எங்கள் திட்டப்படி 02:05க்கு ஃபைல் சேர்வரில் குறியாக்கம் தொடங்கியது. லெப்டொப் துண்டிக்கப்பட்டது 02:15க்கு. ஒத்திகைக் கணக்கில் சேர்வர் போய்விட்டது. கேள்வி எழுந்ததில் இருந்து துண்டிப்பு வரை 55 நிமிடம். அதில் தொழில்நுட்பப் புரிதலுக்குப் போனது சில நிமிடங்கள்தான்.

மீளாய்வு

அதிகாலையில் யாரையும் உட்கார வைத்து விசாரிக்கவில்லை. வாகனம் ஒழுங்கு செய்து மூவரையும் வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் பிற்பகல்தான் கூடினோம். முகாமையாளரும் வந்தார், தீர்ப்புச் சொல்பவராக அல்ல, பங்குபற்றியவராக. லொக்கை யூ.டி.சி.யிலும் உள்ளூர் நேரத்திலும் பக்கம் பக்கமாகத் திரையில் போட்டு, யாருக்கு எப்போது என்ன தெரிந்திருந்தது என்பதை மட்டும் நிமிடம் நிமிடமாகப் பார்த்தோம்.

எனக்கு விளங்காமல் இருந்தது ஒன்றுதான். துண்டிக்க அனுமதி இருந்தும் ஏன் துண்டிக்கவில்லை? பொறுப்பாளர் நேராகவே சொன்னார்: "அந்த பட்டனை நான் இதுவரை அமுக்கினதே இல்லை. அமுக்கினா என்ன நடக்கும், திரும்ப எப்படி விடுறது எண்டும் தெரியாது." காகிதத்தில் கொடுத்த அதிகாரம் கைக்கு வந்து சேரவில்லை. அதனால் ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் உபரி லெப்டொப் ஒன்றைத் துண்டித்து, திரும்ப இணைத்துப் பார்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. சில நிமிட வேலை. இந்தப் பயிற்சி முழுவதிலும் அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

முகாமையாளரின் "நிச்சயமாத் தெரியுமா?" அடுத்து வந்தது. அது கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல, வாயில் வரும் வழக்கம் என்றார். ஆனால் அந்தக் கேள்விக்கு இரவு இரண்டு மணிக்கு யாராலும் ஆம் என்று சொல்ல முடியாது. இனிமேல் முதல் கேள்வி "இப்போதே எதைத் துண்டிக்கலாம்?" என்பதாகவும், ஸ்கிரீன்ஷொட் எல்லாம் துண்டித்த பிறகு என்றும் மாற்றினார்கள். முகாமையாளர்களுக்கும் தனி ஒத்திகை தொடங்கியது. தொலைபேசிக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு சிறு அட்டை வைத்தோம்: எந்தக் கணினி, என்ன கண்டேன், என்ன செய்துவிட்டேன், உங்களிடம் என்ன வேண்டும். எந்த மொழியில் வாய் வருகிறதோ அதில் தொடங்கலாம் என்றும் எழுதிவைத்தோம்.

கன்சோலில் எல்லா நேரமும் கொழும்பு நேரமாகக் காட்டப்பட்டு, யூ.டி.சி. அதற்குக் கீழே சிறிதாக வரும்படி மாற்றப்பட்டது. இதற்குப் பயிற்சியே தேவையில்லை. ஓர் அமைப்பை மாற்றினால் போதும். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

அதன் பின் நடந்தவை

ஒத்திகைகள் தொடர்ந்தன. எதையும் ஓட்டாத ஓர் இரவில் குழு சந்தேகத்தின் பேரில் முகாமையாளரை இரண்டு முறை எழுப்பியது. இரண்டுக்கும் நன்றி சொல்லப்பட்டது.

உண்மையான சோதனை ஒத்திகைக்கு வெளியே வந்தது. ஓர் இரவு பணிப்பாளர் ஒருவரின் லெப்டொப்பில் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்று திடீரென நிறுவப்பட்டது. கொட்டாஞ்சேனை இளைஞர் உடனே துண்டித்துவிட்டார். பணிப்பாளர் கண்டியில் ஒரு ஹோட்டலில் இருந்தார், பிரிண்டர் பிரச்சினைக்குத் தெரிந்த ஒருவரிடம் உதவி கேட்டிருந்தார். மறுநாள் காலை அவருடைய கூட்டம் குழம்பியது. கோபமாகப் புகார் செய்தார். பிரிவுத் தலைவர் முழு அலுவலகத்துக்கும் எழுதினார்: அந்த நேரத்தில் கையில் இருந்த தகவலின்படி அந்த முடிவு சரியானது, அதை எடுத்தவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அந்தக் கடிதம் வந்திராவிட்டால் ஒத்திகைகள் எல்லாம் வீண் என்றே நினைக்கிறேன். அதற்குப் பிறகுதான் இரவு அழைப்புகள் கண்கூடாகக் கூடின.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை இரவு, கொள்முதல் பிரிவு ஊழியர் ஒருவர் போலி உள்நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். முதல் அலேர்ட் வந்து 9 நிமிடத்தில் லெப்டொப் துண்டிக்கப்பட்டது, முகாமையாளர் எழுப்பப்பட்டார், கடவுச்சொல் மாற்றப்பட்டது. 2006 முதல் இயங்கும், நாட்டின் கணினி அவசர உதவி அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கும் அறிவித்தார்கள். ஆனால் தாக்கியவர் அதற்குள் அந்த அஞ்சல் பெட்டியில் ஒரு விதியை வைத்துவிட்டார்: விலைச்சிட்டை என்ற சொல் வரும் கடிதங்கள் எல்லாம் வெளி முகவரிக்குப் போகும். அது திங்கட்கிழமைதான் தெரிந்தது. இரண்டு நாள் கடிதங்கள் வெளியே போயிருந்தன. பணம் எதுவும் போகவில்லை.

அந்த 9 நிமிடம் ஒத்திகையால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதே காலத்தில் கணினிகளில் சந்தேகமான அசைவுகளைக் கண்டுபிடிக்கும் புதிய ஈ.டி.ஆர். கருவியும் வந்து சேர்ந்திருந்தது. பயிற்சிக்கு முன் அழைப்புகளையும் துண்டிப்பு நேரங்களையும் யாரும் எழுதி வைக்காததால் ஒப்பிட வழியும் இல்லை. ஆனால் தொலைபேசியை எடுத்தது கருவி அல்ல, அந்தப் பெண்தான்.

இனி மாற வேண்டியவை

எங்கள் ஒத்திகைகள் எல்லாம் சேர்வரையும் லெப்டொப்பையும் சுற்றியே இருந்தன. கிளவுட் அஞ்சல் பெட்டி, அதன் விதிகள், ஏற்கெனவே திறந்திருக்கும் உள்நுழைவுகள் ஆகியவற்றைத் தொடவே இல்லை. அஞ்சல் விதியைக் குழு தவறவிட்டது அதனால்தான். கடவுச்சொல்லை மாற்றியதும் வேலை முடிந்துவிடாது என்பதை அடுத்த சுற்று நேரடியாகக் காட்டும்.

பயிற்சி தொடங்குவதற்கு முன்பே சில வாரத்து நிலவரத்தை அளந்து வைக்க வேண்டும். எத்தனை அழைப்பு, எத்தனை துண்டிப்பு, கேள்வி எழுந்ததில் இருந்து செயல் வரை எவ்வளவு நேரம் என்ற மூன்றும் போதும். ஒப்பந்தக்காரர்களின் உதவி மேசையையும் ஒத்திகைக்குள் கொண்டுவர வேண்டும். முதல் சம்பவமே அவர்கள் கணக்கில்தான் நடந்தது. இரவு இரண்டு மணிக்கு அவர்களுடைய எந்த எண்ணை அழைப்பது என்று இன்றும் பட்டியலில் இல்லை. அதை நிரப்பும் வேலை தெஹிவளைப் பொறுப்பாளரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

இரவு ஒத்திகைக்குப் பிந்திய நாளுக்குச் சம்பளத்தோடு ஓய்வும், பெண் ஊழியர்களுக்கு வீடு வரை வாகனமும் ஒத்திகைத் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வாகனத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஓய்வு நாள் இன்னும் பேச்சில் இருக்கிறது. அது கிடைக்கும் வரை அடுத்த இரவு ஒத்திகைக்குத் திகதி குறிப்பதில்லை என்று ஒத்திகைக் குழு தீர்மானித்திருக்கிறது.